மருந்துக்கு முன்னால்

சமீபத்தில் ஒரு மருந்தியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். கூடத்தில் மாணவர்கள் தரையில் முழங்காலிட்டு, ஒரு பொம்மையின் மார்பை மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். வியர்த்துப் போயிருந்த ஒரு பையன் என்னிடம், "மருந்து கொடுக்கப் படிக்க வந்தவனுக்கு இந்தக் குஸ்தி எதற்கு சார்?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் குஸ்திக்கு வழி வகுத்தவர்களில் ஒருவரே மருந்துக் கடைக்காரர் என்பதை அவன் அறியான்.

லண்டனில் வில்லியம் ஹாஸ் என்று ஓர் அபோதிகரி இருந்தார். அபோதிகரி என்றால் மருந்து கலந்து விற்பவர், வைத்தியமும் பார்ப்பவர். நாவலாசிரியர் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தைக் கடைசி நோயில் கவனித்தவர் இவர்தான். ஹாஸ் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், அந்நாளில் பேர்போன ஜேம்ஸ் பொடியைத்தான் சாப்பிடுவேன் என்று கோல்ட்ஸ்மித் பிடிவாதம் பிடித்தார். 1774 ஏப்ரல் 4-ஆம் தேதி காலமானார்.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹாஸ் ஒரு விநோதமான காரியத்தில் இறங்கியிருந்தார். நீரில் மூழ்கியவரை எடுத்து உடனே கொண்டுவந்தால் சன்மானம் என்று அறிவித்தார். ஆள் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் பணம் உண்டு. பிழைத்தால்தான் என்றால், சந்தேகமான உடலை எவன் சுமந்து வருவான்? செலவெல்லாம் சொந்தப் பணம். இப்படியே போனால் கை வறண்டுவிடும் என்று எச்சரித்தார் டாக்டர் தாமஸ் கோகன். 1767-ல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றிய இதே மாதிரிச் சங்கத்தின் அறிக்கையை மொழிபெயர்த்தவர் அவர். இருவரும் ஆளுக்குப் பதினைந்து நண்பர்களை ஒரு காப்பிக் கடையில் கூட்டி, 1774-ல் சங்கம் அமைத்தார்கள். அதுவே பிற்பாடு ராயல் ஹ்யூமேன் சொஸைட்டி ஆயிற்று.

அவர்கள் செய்ததெல்லாம் சரியென்று சொல்ல மாட்டேன். மூச்சை ஊதியது சரி. ஆசனவாய் வழியே புகையிலைப் புகையையும் துருத்தி வைத்து ஊதினார்கள்! புகையிலைச் சத்து இதயத்தையே முடக்கும் விஷம் என்று 1811-ல் பெஞ்சமின் பிராடி காட்டினார்.

மார்பை வெளியிலிருந்து அமுக்கியே ரத்தத்தை ஓடச் செய்யலாம் என்பதை 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மூவர் நிலைநாட்டினார்கள். அவர்களில் கௌவன்ஹோவன் மின்சார எஞ்சினீயர். பழகுவதற்கு பொம்மை செய்து தந்தவரோ, நார்வேயின் விளையாட்டுச் சாமான் வியாபாரி லேர்டால்.

இதயம் நின்றால் நாலைந்து நிமிஷத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். கடை அலமாரி நிறைய மருந்து இருந்து என்ன பயன்? ரத்தம் ஓடினால் அல்லவா மருந்து போய்ச் சேரும்? நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. கைதான் முதல் மருந்து. 2020-ல் அமெரிக்க அரசு மருந்தாளுநர்கள் கொரோனாத் தடுப்பூசி போட அனுமதித்தபோது, இந்தப் பயிற்சிக்கான சான்றிதழையும் நிபந்தனையாக வைத்தது.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "பிழைக்காவிட்டாலும் பணம் கொடுத்தாரா சார்?"

"கொடுத்தார்."

சற்று நேரம் நின்றவன், மறுபடி முழங்காலிட்டு எண்ணத் தொடங்கினான்.