வன்னியின் அரை மணித்தியாலம்

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் கீழ் வீட்டு நானா 1996ஐ மக்ரிப் பாங்கால்தான் நினைவு வைத்திருக்கிறார். மாலை ஆறரைக்குள் கேட்ட பாங்கு மே 25 முதல் ஏழு இருபதைத் தாண்டிக் கேட்டது. மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்ததால் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பியது.

இவ்வளவும் இன்று நம் கைபேசிக்குள் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, போல் எகர்ட் பராமரித்துவரும் நேர வலயத் தரவுத்தளத்தில் ‘ஏசியா/கொழும்பு’ என்று ஒரு பதிவு. பத்துக்கும் குறைந்த வரிகள். 1880இன் மொரட்டுவை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணித்தியாலம் 19 நிமிடம் 32 செக்கன் முன்னே, 1906இல் ஐந்தரை, 1942இல், யுத்த காலத்தில், இரண்டு தடவை முன்னே. ஜாவா, பைத்தன், லினக்ஸ் எல்லாம் இதைத்தான் படிக்கின்றன. யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து இது. 2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் உரிமை கேட்டு வழக்குப் போட்டு, அடுத்த வருடமே கைவிட்டது.

எனக்கு இதன் அருமை தெரிந்ததும் சாதகத்தால்தான். சாதகம் கணிக்க நான் எழுதிய நிரலில் இலங்கை என்றால் 5:30 என்று கையாலேயே போட்டிருந்தேன். வெள்ளவத்தையில் 1998இல் பிறந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலம் பிழையாகிவிட்டது. அந்த எண்ணை அழித்துவிட்டு, தரவுத்தளத்தைப் படிக்கும் லைப்ரரியிடம் ‘ஏசியா/கொழும்பு’ என்று கேட்டேன். சரியாக வந்தது.

அதன் பிறகே அந்தத் தரவுத்தளத்தின் கோப்பைத் திறந்து வாசித்தேன். வரிகளுக்கு மேலே, கணினி படிக்காமல் கடந்துபோகும் குறிப்புகளில் நம் ஆட்களின் குரலும் இருக்கிறது. இலங்கை நேரத்துக்கு வழங்கிய ‘எல்கேடி’ என்ற சுருக்கம் அரசு வைத்த பெயரல்ல, கணினி உலகில் பிறந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று 2006 ஏப்ரலில் ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். இன்னொரு குறிப்பு ரொய்ட்டர்ஸ் செய்தி: விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை, கடிகாரத்தை ஐந்தரையிலேயே வைத்திருந்தார்கள்.

அது குறிப்பாகவே நின்றுவிட்டது. ஆகவே 1999இல், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியின் கிளிநொச்சியில், அவர்களின் கடிகாரப்படி காலை பத்துக்குப் பிறந்த பிள்ளையை, ‘ஏசியா/கொழும்பு’ என்று கேட்டால் லைப்ரரி இன்றும் ஒன்பதரைக்குப் பிறந்ததாகக் கணக்கிடும். லக்கினமே மாறிவிடக்கூடும். 1970க்குப் பிறகு மக்களின் கடிகாரங்கள் வேறுபட்ட இடங்களைப் பிரித்துக் காட்டுவதே அந்தத் தரவுத்தளத்தின் வழக்கம். ஆனால் எந்த ஊரில், எந்தத் திகதி வரை என்று ஆதாரம் வேண்டும். தரவுத்தளத்தைப் பராமரிப்பவர் இருக்கும் அமெரிக்காவில் அது கிடைக்காது. அந்தப் பத்து வருடங்களில் வன்னியில் நேரம் குறித்த பிறப்புக் குறிப்போ, பள்ளி நேரசூசியோ, கடிதமோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து, ஊரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.