முயலுக்கு ஊட்டி கேரட் நல்லதா? திடீர்னு தீனியை மாற்றினால் வயிற்றில் என்ன நடக்கும்?

நீலகிரியில் முயல் வளர்ப்பவர்களுக்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை. கேத்தி, குன்னூர் பக்கம் கேரட் அறுவடை நடந்தால் உடைந்ததும் சிறுத்ததும் மூட்டை மூட்டையாகக் கழிந்து போகும். முட்டைக்கோஸின் வெளி இலை மார்க்கெட்டில் சும்மாவே கிடைக்கும். அதை அள்ளி வந்து கூண்டில் போட்டால் முயலும் ஆசையாகத்தான் சாப்பிடும். மறுநாள் காலையில் அது மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள். பல நேரங்களில் சிக்கலே அந்த நேற்றைய தீனிதான்.

மலைக்குளிர் முயலுக்கு ஒத்துவரும். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்தில் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் இன முயல்களும் வளர்க்கப்படுகின்றன. ஆனால் குளிர் ஒத்துவந்த மாதிரி எல்லாத் தீனியும் ஒத்துவராது.

முயலின் வயிறு எப்படி வேலை செய்கிறது?

மாட்டுக்கு இரைப்பையிலேயே புல் நொதிக்கிறது. முயலுக்கு அந்த வேலை குடலின் கடைசிப் பகுதியில் நடக்கிறது. அங்கே சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்தச் சத்து மென்மையான, திராட்சைக் கொத்து போன்ற கழிவாக வெளியே வரும். முயல் அதை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால் அதைத் தடுக்கக் கூடாது, பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. நாம் கூண்டில் பார்க்கும் உருண்டையான, காய்ந்த புழுக்கை வேறு.

இந்தக் குடல் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதை அசைய வைப்பது நார். 100 கிராம் கேரட்டில் ஏறக்குறைய 88 கிராம் தண்ணீர். சர்க்கரை 5 கிராம் அளவுக்கு உண்டு, நார் 3 கிராம்கூட இல்லை. சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடினால் சீக்கத்தில் கெட்ட கிருமிகள் பெருகி வாயு சேரும். வயிறு வலிக்கும், வலித்தால் முயல் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது உள்ளேயேதான்.

அப்போ கேரட்டே கூடாதா? ஒரு சின்னத் துண்டு, எப்போதாவது, தின்பண்டம் மாதிரி கொடுக்கலாம். கேரட் தழை கிழங்கைவிட நல்லது. தினசரித் தீனியில் பெரும்பங்கு புல்லோ வைக்கோல் போல உலர்த்திய புல்லோதான். கடையில் வாங்கும் குச்சித் தீவனம் வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்குச் சுமார் 25 கிராம் போதும். புல்லை மெல்லுவதில் இன்னொரு லாபமும் உண்டு. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், தேய்வது இப்படித்தான்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

இங்கேதான் மலைக்காரர்களுக்குத் தனிக் கவலை. ஜூன் தொடங்கினால் கூடலூர் பக்கம் விடாத மழை, அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரியில் மழை. உலர்ந்த புல் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சண வாடை வந்தால் தயங்காமல் தூக்கி எறியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அடிக்கும் வெயிலில் புல்லை உலர்த்தி, தரையில் படாமல் பரணில் சேர்த்து வைப்பது நல்லது. மழையிலோ உறைபனியிலோ நனைந்த புல்லை அப்படியே போடாமல், சில மணி நேரம் பரப்பி வாடவிட்டுப் போடுங்கள்.

எங்கே அறுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மருந்து தெளித்த தேயிலைத் தோட்ட ஓரம் வேண்டாம். மலைச்சரிவில் கிடக்கும் பெரணி, உண்ணிச்செடி, உருளைக்கிழங்குச் செடியின் தழை மூன்றும் முயலுக்கு விஷம்.

தீனியை மாற்ற வேண்டி வந்தால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தீனியோடு புதியதைக் கொஞ்சமாகக் கலந்து, புழுக்கையைப் பார்த்துக்கொண்டே கூட்ட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து குச்சித் தீவனம் மட்டும் தின்று வளர்ந்த முயலை வாங்கி வந்து, அன்றைக்கே பச்சைப்புல்லில் விடாதீர்கள். பால் மறந்த குட்டிகளுக்கு இன்னும் நிதானம் வேண்டும், அதிகம் சாவது அந்த வயதில்தான்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ அது முதல் எச்சரிக்கை. கூனி உட்காருவது, பல்லை நறநறவென்று கடிப்பது, வயிறு உப்பி இறுகுவது, காது சில்லிடுவது எல்லாம் அடுத்த கட்டம். 12 மணி நேரம் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அவசரநிலை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. எஸ்டேட்டிலிருந்து டவுனுக்கு வரவே நேரமாகும் என்றால் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள்.

வழியில் துணி சுற்றிச் சூடாக வையுங்கள். வயிறு உப்பியிருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது மிக ஆபத்து. அமாக்ஸிசிலின் போன்றவை வாய்வழியாகப் போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடும். கடைசியாகப் போட்ட புழுக்கையைக் கவரில் எடுத்துக்கொண்டு, இரண்டு நாளாக என்ன தீனி போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.