700 எம்பி படமும் 800 எம்பி சிடியும்

போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு சிடி பை கிடைச்சுது. உள்ளே ரெண்டு சிடி. மேலே என் கையெழுத்துல "அப்பா 60 - பாகம் 1", "பாகம் 2". 2003-ல நடந்த அறுபதாம் கல்யாணம். அதைப் போட்டுப் பார்த்த கதை கடைசியில. அதுக்கு முன்னாடி, அந்தக் காலத்துல ஏவிஐ கோப்பை விசிடியா மாத்தி எழுதின எல்லாருக்கும் இருந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடுவோம்.

ரெண்டு மணி நேரப் படம் 700 எம்பி ஏவிஐ-யா ஒரே சிடியில இருக்கும். பளிச்சுன்னும் இருக்கும். ஆனா கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும். டிவியில பார்க்கணும்னு விசிடியா மாத்தினா ரெண்டு சிடி ஆகும், படமும் மங்கிடும். பெருசாவும் ஆகி மோசமாவும் ஆகுமா ஒரு பொருள்?

இதுக்கு 1982-க்குப் போகணும். அந்த வருஷம் பிலிப்ஸும் சோனியும் விற்பனைக்குக் கொண்டுவந்த சிடி, பாட்டுக்காகவே செஞ்சது. ஒரு நொடிக்கு 75 செக்டார், அதான் அதோட வேகம். 1988-ல இத்தாலிக்காரர் லியோனார்டோ கியாரிலியோனேவும் ஜப்பான்காரர் ஹிரோஷி யாசுதாவும் எம்பெக் குழுவை ஆரம்பிச்சாங்க. முதல் வேலையே, இந்தப் பாட்டுத் தட்டோட வேகத்துக்குள்ள, அதாவது நொடிக்குச் சுமார் 15 லட்சம் பிட்டுக்குள்ள, படத்தையும் சத்தத்தையும் அடைக்கிறது. அப்படிப் பிறந்ததுதான் எம்பெக்-1.

அதை வெச்சு 1993-ல பிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜேவிசி நாலு பேரும் விசிடிக்கு விதி எழுதினாங்க. நம்ம ஊர் பால் முறைக்கு 352க்கு 288 புள்ளி, நொடிக்கு 25 படம். படத்துக்கு 1150 கிலோபிட், சத்தத்துக்கு 224. இதுல கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வெறும் சுவரைக் காட்டினாலும் 1150தான், ஆளை ஆள் தூக்கி அடிக்கிற சண்டைன்னாலும் அதே 1150தான். சுவருக்கு வீணாகும், சண்டைக்குப் பத்தாது.

அதே 1993-ல சீனாவுல, ஹெஃபெய் நகரத்துல, வான்யான்னு ஒரு கம்பெனி அமெரிக்க சி-க்யூப் சிப்பை வெச்சு வீட்டுக்கான விசிடி பிளேயரைச் செஞ்சுது. ஜியாங் வான்மெங், சுன் யான்ஷெங்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச கம்பெனி. அவங்க பேர் இன்னைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு? பின்னாடி வந்தவங்கதான் சம்பாதிச்சாங்க. அமெரிக்கா கண்டுக்காத விசிடி ஆசியா பூரா வீட்டுக்குள்ள வந்துச்சு. 1996 கடைசியில ஜப்பான்ல டிவிடி வந்தப்புறமும், நம்ம பக்கம் வித்த டிவிடி பிளேயர் எல்லாம் விசிடியையும் ஓட்டும். அதனாலதான் நாம எல்லாரும் விசிடியா மாத்திக்கிட்டே கிடந்தோம்.

இன்னொரு பக்கம் பிரான்ஸ்ல ஜெரோம் ரோட்டான்னு ஒரு குறும்புக்காரர். மைக்ரோசாஃப்டோட எம்பெக்-4 கோடெக், ஏவிஐ கோப்புக்குள்ள எழுத விடாது. அந்தப் பூட்டை எடுத்துட்டு அவர் வெளியே விட்டதுக்குப் பேரு "டிவ்எக்ஸ் ;-)". கண்ணடிக்கிற அந்தக் குறியும் பேரோட சேர்த்திதான்! அமெரிக்காவுல சர்க்யூட் சிட்டி கடைக்காரங்க 1998-ல டிவ்எக்ஸ்னு ஒரு வாடகைத் தட்டு விட்டு, மறு வருஷமே மூடினாங்க. அதைக் கிண்டலடிச்சு வெச்ச பேரு. இந்தக் கோடெக் சுவருக்குக் கொஞ்சமா, சண்டைக்கு நிறையன்னு பிட்டைப் பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணும். ஆனா அதை விரிச்சுக் காட்ட கம்ப்யூட்டர் பலம் வேணும். விசிடி பிளேயர் சிப்புக்கு எம்பெக்-1 தவிர ஒண்ணும் தெரியாது. சந்தேகம் தீர்ந்துச்சா? சின்னதா மடிச்சு வெச்ச பட்டுப் புடவையைப் பிரிச்சு, அளவு மாறாத தகரப் பொட்டியில அடைக்கிற வேலையைத்தான் நாம செஞ்சுக்கிட்டிருந்தோம்.

அந்த அடைக்கிற வேலைக்கு நான் நம்பினது ஜப்பான்காரர் ஹிரோயுகி ஹோரி எழுதின டிஎம்பிஜிஎன்க். முழுப் பேரு சுனாமி எம்பெக் என்கோடர். (2004 டிசம்பருக்கு முன்னாடி எங்க தெருவுல யாருக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது.) விசிடிக்கு இலவசம். பால் விசிடின்னு தேர்வு பண்ணி ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கினா, என் செலரான்ல காலையில முடிஞ்சிருக்கும், கரண்ட் போகலேன்னா. சத்தம் வாயசைவுக்குப் பின்னாடி ஓடினா, விர்ச்சுவல்டப்ல சத்தத்தைத் தனியா வேவ் கோப்பா எடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து.

இப்போ அப்பா கல்யாணம். சித்தப்பா மினி டிவி கேசட்ல எடுத்தார். கம்ப்யூட்டர்ல ஏத்தினா ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. ஒன்றரை மணி நேரத்துக்கு 20 ஜிபி. என் ஹார்ட் டிஸ்க் மொத்தமே 40. விசிடியா எழுதி, டிவியில போட்டுக் காட்டினேன். "என்னடா, எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கற மாதிரி இருக்கு?"ன்னார் அப்பா. "விசிடின்னா அப்படித்தாம்பா"ன்னுட்டு, அன்னைக்கு ராத்திரியே அந்த 20 ஜிபியையும் அழிச்சேன். கேசட் இருக்கேன்னு தைரியம். கேசட் மேல சித்தப்பா தன் பையனோட பள்ளி ஆண்டு விழாவை எடுத்துட்டார்.

விசிடியில இன்னொரு கணக்கும் இருக்கு. 80 நிமிஷ சிடியில 3,60,000 செக்டார். சாதாரணக் கோப்புன்னா செக்டாருக்கு 2048 பைட் எழுதும், மிச்ச இடத்துல பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. விசிடி 2324 பைட் எழுதும். 700 எம்பி சிடியில 800 எம்பி விசிடி ஏறினது அப்படித்தான். பாட்டு சிடிக்கு இருக்கிற அடிப்படைப் பிழை திருத்தம் உண்டு. அதுக்கு மேல இருக்க வேண்டிய ரெண்டாவது காவலைத்தான் வித்து படத்துக்குக் கொடுத்தாச்சு. புதுசுல ஒண்ணும் தெரியாது. இருபது வருஷம் கழிச்சுத் தெரியும்.

பாகம் 1 முழுசா வந்துடுச்சு. பாகம் 2, 26-ஆவது நிமிஷம் வரைக்கும். அங்க அப்பாவும் அம்மாவும் பாட்டி கால்ல விழுறாங்க. பாட்டி 2005-ல போயிட்டாங்க, அவங்க இருக்கிற வீடியோ இது ஒண்ணுதான். அட்சதை எடுத்துக் கையைத் தூக்குறாங்க, முகம் கட்டம் கட்டமா உடையுது, அப்படியே நின்னுடுது. மூணு டிரைவ்ல போட்டுப் பார்த்தாச்சு, மூணுலயும் அதே இடம். ஒரு டிரைவ்ல மட்டும் ரெண்டு நொடி கூட வந்துச்சு.

பழைய சிடி ரைட்டர் ஓடுற நிலையில யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, சிடியோட வந்து நிக்கிறேன்.