பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல்

உயிரணுவுக்குள் இருக்கும் புரதம், டி.என்.ஏ. போன்ற பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தை இயற்பியல் முறைகளால் கண்டறிந்து, அந்த வடிவத்திலிருந்து அவற்றின் வேலை எப்படிப் பிறக்கிறது என்று ஆராயும் துறை மூலக்கூறு உயிரியற்பியல். இந்தியாவில் இத்துறையின் முதல் பெரிய கண்டுபிடிப்புகள் சென்னையில் நிகழ்ந்தன. அது நிலையாகக் குடியேறியது பெங்களூரில், 1971-இல், இந்திய அறிவியல் கழகத்தில். கழகத்தைப் பழைய பெங்களூர்க்காரர்கள் இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்றே சொல்கிறார்கள்.

உயிரணுவின் மூலக்கூறுகளோடு கழகத்துக்கு அதற்கு முன்பே உறவு உண்டு. 1909-இல் நிறுவப்பட்ட கழகத்தில் 1921-இல் உயிர்வேதியியல் துறை தொடங்கியது. தொடக்க காலத்தில் பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களைப் பிரித்தெடுத்து அளப்பது போன்ற வேலைகளே அங்கு அதிகம். கமலா பாகவத் 1933-இல் பம்பாயிலிருந்து அங்கு வந்தபோது, அப்போதைய இயக்குநர் சி.வி. ராமன் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். கமலா விடாமல் நின்றார். கடைசியில் நிபந்தனைகளோடுதான் இடம் கிடைத்தது. எம். ஸ்ரீனிவாசய்யாவின் வழிகாட்டலில் உணவுப் புரதங்களை ஆராய்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று, உயிரணுவின் மூச்சு வினையில் பங்குகொள்ளும் சைட்டோகுரோம் சி தாவரங்களிலும் உண்டு என்று காட்டி 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்டவர் இவர்தான். ராமனின் மற்ற பெருமைகளைச் சொல்லும் எந்த வரலாறும் இந்த அநீதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் அன்று மூலக்கூறின் வடிவம் யாருக்கும் தெரியாது. வடிவத்தைத் தேடும் வேலை இயற்பியல் பக்கத்திலிருந்து வந்தது. எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்த ஜி.என். ராமச்சந்திரன், 1942-இல் மின்பொறியியல் படிக்கத்தான் கழகத்துக்கு வந்தார். ராமன் அவரை இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். படிகங்களின் ஒளியியலிலும் எக்ஸ்-கதிர்களிலும் அவருக்குக் கை பழகியது அங்கேதான். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ், மறுபடி கழகம், 1952-இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமை. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் கொடுத்த ஆதரவில் ஓர் எக்ஸ்-கதிர் ஆய்வகம் உருவானது.

கொலாஜன்

1952-இல் சென்னைக்கு வந்த, அயர்லாந்தில் பிறந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுவிக்கப்படவில்லை என்று சொன்னார். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றுக்கு இழுவிசை தாங்கும் வலிமையைத் தரும் நார்ப்புரதம் அது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்ததால் மாதிரிக்குப் பஞ்சமில்லை. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்தினார்கள்.

முச்சுருளின் தந்திரம் அதன் நடுவில் இருக்கிறது. மூன்று இழைகளும் நெருங்கும் மைய அச்சில் கிட்டத்தட்ட இடமே இல்லை. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். அதன் பக்கக் கிளையில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். ஆகவே ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் வந்தாக வேண்டும். அப்படி ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் பெரிய அமினோ அமிலம் புகுந்தாலும் முறுக்கு கெடும். பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோயான ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவில் பல குழந்தைகளுக்கு நேர்ந்திருப்பது இதுதான்.

இந்த மாதிரியை அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் உடனே எதிர்த்தார்கள். முச்சுருள் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் நெருங்கக் கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன, இழைகளுக்கிடையே மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு இருக்க முடியாது, ஒன்றே முடியும் என்றார்கள். விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. நேரடியாக ஒரு பிணைப்பு, இன்னொன்று நீர் மூலக்கூறு வழியாக என்று ராமச்சந்திரன் குழு 1968-இல் சொன்னது. ஒரு கொலாஜன் பெப்டைடின் படிக அமைப்பு 1994-இல் வெளியானபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்பதும், இழைகளை நீர் மூலக்கூறுகள் இணைக்கின்றன என்பதும் உறுதியாயின. கணக்கில் ரிச்சும் கிரிக்கும் சரி. ஆனால் அவர்களுடைய ஆட்சேபம் சென்னையில் எழுப்பிய கேள்வி, கொலாஜனைவிடப் பெரிய விடையைக் கொடுத்தது.

வரைபடம்

இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? இதற்கு உறுதியான பதில் அப்போது எங்கும் இல்லை. அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளையெல்லாம் ராமச்சந்திரன் குழுவின் வி. சசிசேகரன் எடுத்து, பிணைப்பில்லாத அணுக்களுக்கிடையே உண்மையில் காணப்படும் குறைந்தபட்சத் தூரங்களைத் தொகுத்தார். அதிலிருந்து இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டன: சாதாரண எல்லை, அதைவிடச் சற்றே இறுக்கமான கடைசி எல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் 3.2 ஆங்ஸ்ட்ராம் என்றால், கடைசி எல்லை 3.0. அதற்குள் போக அனுமதி இல்லை.

புரத இழையில் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, திரும்பாது என்பது லைனஸ் பாலிங் காட்டியது. ஆகவே ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் முதுகெலும்பு திரும்பக்கூடிய இடங்கள் இரண்டே: நடுக் கார்பனுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்தத் திருப்பங்களின் கோணங்களே ஃபை, சை. சி. ராமகிருஷ்ணன் இரண்டு கோணங்களையும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எல்லா அணுத் தூரங்களையும் மேசைக் கணக்கிடும் கருவியில் போட்டுப் பார்த்தார். எங்கே ஏதாவது இரண்டு அணுக்கள் எல்லையைத் தாண்டி மோதினவோ, இரண்டு கோணங்களையும் அச்சுகளாகக் கொண்ட வரைபடத்தில் அந்த இடத்தை அடித்துவிட்டார்கள். மிஞ்சியது சில தீவுகள். கிளைசின் அல்லாத அமினோ அமிலங்களுக்கு, கடைசி எல்லை வரை அனுமதித்தால்கூட, வரைபடத்தில் கால் பங்குக்கும் குறைவான பரப்பே திறந்திருந்தது. பாலிங்கின் ஆல்ஃபா சுருள் ஒரு தீவில் விழுந்தது, பீட்டா இழை இன்னொன்றில், கொலாஜனும் அதே பெரிய தீவின் ஓர் ஓரத்தில். மூவரும் 1963-இல் இதை வெளியிட்டபோது, அணு அளவில் வடிவம் தெரிந்த புரதம் என்று காட்ட மயோகுளோபினைத் தவிர அதிகம் இல்லை. பின்னால் வந்த ஆயிரக்கணக்கான புரதங்கள் அதே தீவுகளில்தான் வந்து உட்கார்ந்தன. அணுக்கள் மோதிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே விதியிலிருந்து இவ்வளவு பெறப்பட்டது என்பதே இந்த வேலையின் அழகு. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

பெங்களூருக்குத் திரும்புதல்

லட்சுமணசாமி முதலியார் 1969-இல் துணைவேந்தர் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டார். கழகத்தின் இயக்குநர் சதீஷ் தவன் அழைக்க, 1971-இல் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவு பிறந்தது. சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் கூடவே வந்தார்கள். அதே ஆண்டு ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும், பல திசைகளிலிருந்து எடுத்த நிழற்படங்களிலிருந்து ஒரு பொருளின் உட்புறத்தைத் திரும்பக் கட்டும் கணித முறை ஒன்றை வெளியிட்டார்கள். சி.டி. ஸ்கேன் எடுக்கும் இயந்திரங்களுக்கு அடிப்படையான முறைகளில் அது ஒன்று.

கொலாஜனும் பெங்களூருக்குத் தொடர்ந்து வந்தது. மஞ்சு பன்சல் உள்ளிட்டோருடன் ராமச்சந்திரன் 1973-இல் எழுதிய கட்டுரை, முச்சுருளைக் கட்டிவைப்பதில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலத்துக்கு என்ன பங்கு என்று கேட்டது. நீர் வழியான பிணைப்பு என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த அமினோ அமில வளையத்தின் வளைவே பெரும்பங்கு வகிக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஹைட்ராக்ஸிபுரோலின் உருவாக வைட்டமின் சி வேண்டும். அது உணவில் இல்லாமல் கடலில் மாதக்கணக்கில் கிடந்த மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்து ஈறு கசிந்ததும், பழைய புண் திறந்துகொண்டதும் உறுதியிழந்த இந்த முச்சுருளால்தான்.

டி.என்.ஏ.வும் விவாதத்துக்கு வந்தது. இரண்டு இழைகள் முழுக்கச் சுற்றாமல் பக்கம் பக்கமாக, வலமும் இடமுமாக வளைந்து செல்லலாமே என்று 1970-களில் சசிசேகரன் வாதிட்டார். அக்கருத்து நிலைக்கவில்லை. கழகத்தின் இயற்பியல் துறையைச் சேர்ந்த எம்.ஏ. விஸ்வாமித்ரா, கேம்பிரிட்ஜின் ஓல்கா கென்னார்ட் குழுவோடு சேர்ந்து 1978-இல் நான்கே எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்றின் படிக அமைப்பை அணு அளவில் வெளியிட்டார். அதில் தெரிந்தது வலம்புரி இரட்டைச் சுருள். எதிர்க்கருத்தைத் துணிந்து சொல்லவும், அது தோற்றபின் வேலையைத் தொடரவும் இடம் தந்த சூழலாகவே அந்தப் பத்தாண்டை நான் பார்க்கிறேன்.

அதே பிரிவின் பி. பலராம் வேறொரு பாதையில் போனார். பூஞ்சைகள் செய்யும் சில பெப்டைடுகளில் ஏ.ஐ.பி. என்ற விநோத அமினோ அமிலம் உண்டு. நடுக் கார்பனில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி இருப்பதால் அதற்கு வரைபடத்தில் சுருள் தீவுகளை விட்டால் போக்கிடம் குறைவு. அதைச் சேர்த்தால் சிறு பெப்டைடுகூடச் சுருளாக நிற்கும். வரைபடம் விளக்கக் கருவியாக இருந்த நிலையிலிருந்து, வேண்டிய வடிவத்தைக் கட்டும் கருவியாக மாறியது இங்கேதான்.

பலாக்கொட்டைப் புரதம்

பெரிய புரதங்களின் படிகவியலை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் எம். விஜயன் (1941–2022). ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் குழுவில் இருந்தபோது, 1969-இல் வெளியான இன்சுலின் அமைப்பில் பங்கு பெற்றவர். 1971-இல் பெங்களூர் திரும்பினார். அன்று ஒரு புரதத்தின் அமைப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை தீர்க்கும் வசதி இந்தியாவில் இல்லை. அதைக் கட்டியெழுப்ப ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

அவருடைய குழுவும் ஏ. சுரோலியாவும் தேர்ந்தெடுத்தவை லெக்டின்கள், அதாவது குறிப்பிட்ட சர்க்கரைகளை அடையாளம் கண்டு பற்றும் புரதங்கள். உயிரணுக்களின் மேற்பரப்பில் சர்க்கரைக் கிளைகள் நீட்டிக்கொண்டிருப்பதால், ஓர் உயிரணு இன்னதென்று அறிய லெக்டின் உதவும். முதலில் நிலக்கடலை. பசவனகுடியில் ஆண்டுதோறும் கடலெகாயி பரிஷெ என்ற நிலக்கடலைத் திருவிழா நடக்கும் ஊருக்கு இது பொருத்தமான தேர்வுதான். 1994-இல் வெளியான அமைப்பில், ஒரேமாதிரியான நான்கு துணையலகுகள் யாரும் எதிர்பாராத சமச்சீரற்ற முறையில் கூடியிருந்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பலாக்கொட்டை லெக்டின், ஜாகலின், இன்னும் வியப்பானது. மரம் அதை ஒற்றை இழையாகத் தயாரித்து, பிறகு தானே வெட்டிக் குட்டையும் நெட்டையுமாக இரண்டாக்குகிறது. வெட்டிய இடத்தில் நெட்டை இழையின் தொடக்கமாக ஒரு கிளைசின் வெளிப்படுகிறது. அந்தப் புதிய முனையின் அமினோ தொகுதிதான் கேலக்டோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டுப்படாமல் இருந்திருந்தால் அந்த முனையே இருந்திருக்காது.

பிற்பாடு விஜயன் காசநோய்க் கிருமியின் புரதங்களுக்குத் திரும்பினார், டி.என்.ஏ.வைச் செப்பனிட உதவும் ரெக்-ஏ அவற்றில் ஒன்று. ராமச்சந்திரன் 1999-இல் படிகவியலின் ஈவால்ட் பரிசைப் பெற்று, 2001 ஏப்ரலில் சென்னையில் மறைந்தார். கழகத்துக்கு வெளியே, காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திர வளாகத்தில் தேசிய உயிரியல் மையம் வளர்ந்தது. புரதம் மடியும் வழியை ஜெயந்த் உத்கவோன்கர் அங்கு ஆராய்ந்தார். படிகமாக்காமலே மூலக்கூறைப் பார்க்க உதவும் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அந்த வளாகத்துக்கு வந்தது.

கருவி எதுவானாலும், ஒரு புரத அமைப்பை உலகத் தரவுத்தளத்தில் சேர்க்கும்போது 1963-இன் வரைபடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். தீவுகளுக்கு வெளியே விழும் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் மாதிரி தவறு என்பதற்கு அறிகுறி. சில வேளை அப்படியல்ல. கொழுப்பைச் செரிக்கும் பல லிபேஸ்களிலும், நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸிலும், வினையை நடத்தும் செரின் கூர்மையான ஒரு வளைவின் முனையில், வரைபடம் அனுமதிக்காத கோணத்தில் நெளிந்து நிற்கிறது. அந்த நெளிவுதான் அதை அருகில் வரும் மூலக்கூறை நோக்கி நீட்டிவைக்கிறது. சுற்றியுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அதை அந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கின்றன.