பிலோமினா என்னும் பெயர்

நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினால் பிலோமினாள், பிலோமினம்மாள், பிலோமின் மேரி என்று பக்கத்துக்குப் பக்கம் வரக் காண்கிறோம். வீட்டிலே 'மீனா' என்று கூப்பிட்டாலும் ஏட்டிலே பிலோமினாதான். பிந்திய ஏடுகளிலோ இப்பெயர் அருகிவிட்டது. நாகரிகம் மட்டும் அதற்குக் காரணமன்று.

'பிலோமினா என்றால் ஒளியின் மகள்' என்று ஞானோபதேச வகுப்பிலே நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். இலத்தீன் மொழியில் 'ஃபீலியா' மகள், 'லூமென்' ஒளி. இரண்டையும் இணைத்து எழுந்த பக்தியான ஊகம் அது. உண்மையில் பெயர் கிரேக்க மொழிக்குரியது. 'பிலூமெனே' என்றால் 'நேசிக்கப்படுகிறவள்'. கிறிஸ்தவர்களுக்கு முன்னமே கிரேக்கப் பெண்கள் இப்பெயரைத் தாங்கினார்கள். 2-ஆம் நூற்றாண்டில், பதிதனான அப்பெல்லஸ் என்பவனோடு சேர்ந்திருந்த 'தீர்க்கதரிசினி' ஒருத்திக்கும் இதே பெயர்தான்!

பெயர் உலகெங்கும் பரவியது ஒரு கல்லறையிலிருந்து. 1802 மே மாதம் உரோமையில் பிரிசில்லா சுரங்கக் கல்லறையைத் தோண்டியபோது, மூன்று சுட்ட ஓடுகளால் மூடிய குழி ஒன்று அகப்பட்டது. உள்ளே ஏறக்குறைய 13 முதல் 15 வயதுள்ள சிறுமியின் எலும்புகள். ஓடுகளில் நங்கூரம், அம்புகள், குருத்தோலை. எழுத்துக்களோ 'லூமேனா – பாக்ஸ் தே – கும் ஃபி' என்று இருந்தன. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்தால் 'பாக்ஸ் தேகும், ஃபிலூமேனா': சமாதானம் உன்னோடு, பிலோமினா.

1805-இல் அவ்வெலும்புகள் நேப்பிள்ஸ் பக்கத்து முஞ்ஞானோ என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. விசுவாசப் பரம்புதல் சபையை 1822-இல் லியோன் நகரில் நிறுவிய பவுலின் ஜாரிக்கோ அம்மையார், சாகுந்தறுவாயில் 1835-இல் அங்கே போய்ச் சுகமடைந்தார். (இவருக்கு 2022-இல் முத்திப்பேறு பெற்ற பட்டம் அளிக்கப்பட்டது.) 1837-இல் பாப்பரசர் 16-ஆம் கிரகோரியார் திருநாள் கொண்டாட அனுமதி தந்தார். ஆர்ஸ் கிராமத்துப் பங்குக்குரு புனித ஜான் மரிய வியான்னியோ, தம்மிடம் நடந்த புதுமைகளையெல்லாம் இப்புனிதையின் தலையிலேயே கட்டிவிடுவார். ஆக, பிரான்சு நாடெங்கும் பிலோமினாமார் பெருகினார்கள். புதுவையிலும் மைசூரிலும் உழைத்தவர்களும் பிரெஞ்சுக் குருக்களே. மைசூரில் 1933-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்ட பேராலயம் இன்றும் இப்பெயரால் அழைக்கப்படுகிறது.

ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருக்கி என்ற கல்லறை ஆராய்ச்சியாளர் ஓர் ஐயத்தை எழுப்பினார். ஓடுகள் ஏன் வரிசை மாறியிருந்தன? அவை வேறொரு பழைய கல்லறையிலிருந்து எடுத்து, பிற்காலத்தில் இறந்த இன்னொரு சிறுமிக்கு மூடியாக வைக்கப்பட்டவை என்றார். அப்படியானால் பெயர் ஒருத்தியுடையது, எலும்பு இன்னொருத்தியுடையது. வரலாற்றுச் சான்று போதாமையால் 1961 பிப்ரவரியில் உரோமை அத்திருநாளை எல்லா நாள்காட்டிகளிலிருந்தும் நீக்கிற்று. தனிப்பட்ட பக்தியைத் தடைசெய்யவில்லை.

"அப்போ என் பேரு என்னாவது சாமி?" என்று நம் பங்கு மூதாட்டி ஒருவர் கேட்டதுண்டு. ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரை எந்த நாள்காட்டியும் அழிக்க முடியாது. மருக்கி சொன்னதே மெய்யானாலும், பிலோமினா என்றொருத்தி உரோமையில் இறந்தது மெய். அவளுடையவர்கள் அவளுக்குச் சமாதானம் வேண்டி அந்த ஓட்டில் எழுதியதும் மெய். அந்த நேசத்துக்குரியவளின் பெயரைத்தான் அம்மூதாட்டி சுமந்தார். அவர் கடைசி வரை ஆகஸ்டு 11-ஆம் தேதி பூசைக்கு வரத் தவறியதில்லை. 1969-இல் வெளியான புதிய நாள்காட்டிப்படி அது அசிசி நகர்ப் புனித கிளாராவின் திருநாள். கிளாரா என்ற சொல்லுக்குத்தான் 'ஒளியுள்ளவள்' என்று பொருள்.