காலடிகளால் அளந்த தியானம்

கத்தோலிக்கப் பங்குகளின் பணிக்குழுவினர் அன்றாட வேலைகளை ஒதுக்கிவைத்து ஒருநாள் தியானத்துக்குக் கூடும்போது, குறிப்பாகத் தவக்காலத்தில், பெரும்பாலும் இடம்பெறும் வழிபாடு சிலுவைப்பாதை ஆகும். இயேசு சாவுக்குத் தீர்ப்பிடப்பட்டது முதல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது வரையிலான 14 நிகழ்ச்சிகளை, ஆலயச் சுவர்களில் வரிசையாக அமைந்த ஓவியங்கள் அல்லது புடைப்புச் சிற்பங்கள் முன் ஒவ்வொன்றாக நின்று நினைந்து செபிப்பதே இதன் முறை. அவ்வாறு நிற்கும் இடம் ஒவ்வொன்றும் 'ஸ்தலம்' அல்லது 'நிலை' எனப்படும்.

இவ்வழக்கம் எருசலேம் திருப்பயணத்தில் வேரூன்றியது. அங்குள்ள புனிதத் தலங்களைப் பேணும் பொறுப்பை 1342இல் திருத்தந்தை ஆறாம் கிளமென்ட் பிரான்சிஸ்கன் துறவியருக்கு உறுதிப்படுத்தினார். கடல்கடந்து செல்லும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியதால், மற்றவர்களுக்காக, இயேசு சிலுவை சுமந்து நடந்த பாதையின் சாயல் ஐரோப்பிய ஊர்களிலேயே எழுப்பப்பட்டது. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில், 1509இல் மறைந்த சிற்பி ஆடம் கிராஃப்ட், நகரிலிருந்து புனித யோவான் கல்லறைத் தோட்டம் செல்லும் வழியில் மணற்கல் புடைப்புச் சிற்பங்களை அமைத்தார். துயரத்தால் தளர்ந்த தாயை இயேசு சந்திக்கும் காட்சியின்கீழ், அவ்விடம் இயேசுவுக்குத் தீர்ப்பளித்த பிலாத்துவின் வீட்டிலிருந்து 200 காலடித் தொலைவு என்று பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே அச்சிற்பங்கள் கண்ணுக்கு விருந்தாக மட்டும் நில்லாமல், நடப்பவரின் காலடிகளையே எருசலேமின் தொலைவுக்கு அளவுகோலாக்கின.

தொடக்கத்தில் நிலைகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் அதனை 14 என வரையறுத்து, பிரான்சிஸ்கன் துறவியர் தங்கள் ஆலயங்களில் மட்டுமன்றிப் பிற ஆலயங்களிலும் நிலைகளை நிறுவ இசைவளித்தார். அதன்பின் 20 ஆண்டுகளில், அத்துறவியருள் ஒருவரான, போர்ட் மௌரிஸ் ஊரினரான புனித லியோனார்ட் மட்டுமே 570க்கும் மேற்பட்ட சிலுவைப்பாதைகளை நிறுவினார் என்பர். 1750இல் உரோமையின் கொலோசியத்தில் நிறுவியதும் அவரே. இவ்வழிபாட்டுக்குரிய ஞானப்பலன், அதாவது பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து திருச்சபை வழங்கும் விடுவிப்பு, ஓவியங்களைச் சார்ந்ததன்று. அதற்கு இன்றியமையாதவை 14 சிலுவைகளே. சிலுவையே முதன்மை, ஓவியம் சிந்தனைக்குத் துணை என்னும் இந்த வரிசைமுறையே கலைஞர்க்கு மிகுந்த உரிமையையும் அளித்தது.

அவ்வுரிமையின் எல்லையை பிரான்சின் வான்ஸ் நகரில் காணலாம். 1951இல் அர்ச்சிக்கப்பட்ட செபமாலை அன்னை சிற்றாலயத்தில், ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 14 நிலைகளையும் ஒரே சுவரில், வெண்ணிற ஓடுகள்மேல் கருங்கோடுகளாகத் தீட்டினார். காட்சிகள் கீழிருந்து வளைந்து வளைந்து மேலேறுகின்றன. நூரம்பெர்க்கில் கால்கள் நடந்த பாதையை இங்கே கண்கள் நடக்கின்றன. இடம் மாறாமல் நின்றே பார்ப்பவரும், ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு ஏறித்தான் சிலுவையைச் சென்றடைகிறார்.