கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாதல்: காவிரிப் படுகைச் சோற்றுணவை முன்வைத்து

கொலஸ்ட்ரால் 27 கார்பன் அணுக்கள் கொண்ட, மெழுகு போன்ற ஒரு ஸ்டீரால். உயிரணுச் சவ்வு, பித்த அமிலங்கள், ஸ்டீராய்டு ஹார்மோன்கள், வைட்டமின் டி ஆகியவற்றுக்கு இது தேவை. தாவர உணவில் இது கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை. அரிசியிலும் உளுந்திலும் நல்லெண்ணெயிலும் தேடினாலும் கிடைக்காது. ஆயினும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கங்களில் தலைமுறைகளாக முட்டையைக்கூடத் தொடாத குடும்பத்தினரின் இரத்தப் பரிசோதனைத் தாளில் கொலஸ்ட்ரால் கூடி நிற்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. பால், தயிர், நெய் வழியே கொஞ்சம் வரும். அது மட்டும் இதற்குக் காரணமாகாது. உடல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை, நாளுக்கு ஏறத்தாழ 1 கிராம் வரை, தானே செய்துகொள்கிறது. உட்கருவுள்ள எந்த உயிரணுவாலும் இதைச் செய்ய முடியும். ஆனால் செய்வது, இரத்தத்தில் ஏற்றி அனுப்புவது, திரும்ப வாங்குவது, பித்தமாக வெளியேற்றுவது என எல்லாம் ஒரே இடத்தில் நடப்பது கல்லீரலில்தான். அதனால் சோறு கொலஸ்ட்ராலாக மாறுமா என்ற கேள்விக்கு மாறும் என்பதே நேர்விடை. ஆனால் கேள்வியே சற்றுத் தடம் மாறியது. கல்லீரல் எவ்வளவு செய்யும் என்பதை மூலப்பொருள் தீர்மானிப்பதில்லை; உயிரணுவுக்கு வரும் கட்டளைதான் தீர்மானிக்கிறது.

மூலப்பொருள் ஒன்றே என்பதற்கான சான்று 1942இல் கிடைத்தது. கொன்ராட் பிளாக்கும் டேவிட் ரிட்டன்பர்க்கும் கன ஹைட்ரஜன் ஏற்றிய அசிடேட்டை ஆய்வக விலங்குகளுக்கு ஊட்டினார்கள். அந்த அடையாளம் அவற்றின் கொலஸ்ட்ராலில் போய் நின்றது. இந்த வழித்தடத்தைத் துலக்கியதற்காக பிளாக்குக்கும் ஃபியோடர் லைனனுக்கும் 1964இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் கோ-ஏ தான் எல்லாச் சத்துகளும் வந்து சேரும் சந்திப்பு. சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகி, பைருவேட்டாகி, உயிரணுவின் இழைமணிக்குள் (மைட்டோகாண்ட்ரியா) சென்று அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. எண்ணெயின் கொழுப்பு அமிலமும் அதே இழைமணிக்குள் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்பட்டு அதுவே ஆகிறது. அசிட்டைல் கோ-ஏ இழைமணியின் சுவரைத் தாண்டாது. சிட்ரேட்டாக உருமாறி வெளியே வந்து மீண்டும் பிரிகிறது. மது கல்லீரலிலேயே அசிடேட்டாகிறது. பெருங்குடல் பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைத்துத் தரும் அசிடேட்டும் இதே வரிசையில் சேர்கிறது. புரதத்தின் கதை விசித்திரமானது. லூசின் என்ற அமினோ அமிலம் சிதையும்போது, கொலஸ்ட்ரால் பாதையின் இடைப்பொருளான எச்.எம்.ஜி. கோ-ஏ இழைமணிக்குள் உருவாகிவிடுகிறது. குறுக்குவழி கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதுவும் சுவரைத் தாண்டாது. அசிட்டைல் கோ-ஏ, அசிட்டோஅசிடேட் என உடைந்து, முன்னது மறுபடி சிட்ரேட்டாகத்தான் வெளியேற வேண்டும்.

மூலப்பொருள் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறுக்கு 18 அசிட்டைல் கோ-ஏ வேண்டும். ஒரு குளுக்கோஸ் இரண்டைத் தரும். ஆக ஒன்பது குளுக்கோஸ். எடையில் பார்த்தால் 1 கிராம் கொலஸ்ட்ராலுக்குச் சுமார் 4 கிராம் குளுக்கோஸ், அதாவது 5 கிராம் அரிசி. இடையே செலவாகும் ஆற்றலையும் ஹைட்ரஜனையும் சேர்த்தாலும் 10 கிராமை எட்டாது. பால்மிட்டிக் அமிலமானால் கார்பன் கணக்குக்கு 1.5 கிராம் போதும். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே கூடுதலான அரிசியிலேயே ஒரு நாள் தேவைக்கான கார்பன் கிடைத்துவிடுகிறது. சோற்றைப் பாதியாகக் குறைத்தாலும் மூலப்பொருளுக்குப் பஞ்சம் வராது. கொலஸ்ட்ரால் கூடியது கார்பன் மிகுந்ததால் என்றால் உழைப்பாளி, உட்கார்ந்திருப்பவர் என்ற வேறுபாடில்லாமல் டெல்டா முழுவதும் எல்லாருக்கும் கூடியிருக்க வேண்டும்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதிதான் இந்தப் பாதையின் மதகு. எந்த ஆற்றுத் தண்ணீர் வந்து நின்றாலும் மதகைத் தூக்கிய அளவே வாய்க்காலில் ஓடும். உயிரணுவில் கொலஸ்ட்ரால் குறைந்தால் எஸ்.ஆர்.இ.பி.பி.-2 என்ற புரதம் உட்கருவுக்குச் சென்று இந்த நொதியைக் கூடுதலாகச் செய்யச் சொல்கிறது. மிகுந்தால் அந்தப் புரதம் தடுத்து வைக்கப்படுகிறது, இருக்கும் நொதியும் அழிக்கப்படுகிறது. உண்ட பின் சுரக்கும் இன்சுலின் நொதியை முடுக்குகிறது. பட்டினியில் அது அடங்குகிறது. இந்த நொதியைத் தடுக்கும் பொருளைத் தேடி அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் கண்டெடுத்த பூஞ்சை, கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியில் வளர்ந்தது. இன்று டெல்டாவின் மருந்துக் கடைகளில் விற்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளின் மூதாதை அதுதான். கொலஸ்ட்ராலுக்காக அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் இதை நினைவில் வைக்கலாம்.

மூலப்பொருள் முக்கியமல்ல என்றால் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்று கேட்கலாம். கூடாது. உணவு கார்பனை மட்டும் தருவதில்லை, கட்டளையையும் சேர்த்தே தருகிறது. நெய், ரேஷன் பாமாயில் ஆகியவற்றின் நிறைவுற்ற கொழுப்பு, கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களை இரத்தத்திலிருந்து திரும்ப வாங்கும் ஏற்பிகளைக் கல்லீரலில் குறைக்கிறது. உற்பத்தி அப்படியே இருந்தாலும் இரத்தத்தில் தேக்கம் கூடும். திருவையாற்று அசோகா அல்வாவை அளவோடு நிறுத்தச் சொல்வது அதிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நெய்யின் இந்த விளைவுக்காகத்தான். தீட்டிய அரிசி செய்யும் கேடு வேறு. உடல் செலவிடுவதற்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பு அமிலமாக்கி ட்ரைகிளிசரைடாக ஏற்றி அனுப்புகிறது, அதோடு 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். குறைகிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவற்றில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் 2014ஆம் ஆண்டு முடிவில் மொத்த கொலஸ்ட்ரால் மிகுந்தோர் 13.9 சதவீதம், ட்ரைகிளிசரைடு மிகுந்தோர் 29.5 சதவீதம், எச்.டி.எல். குறைந்தோர் 72.3 சதவீதம். இந்த மூன்று எண்களுக்கும் தானியம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது; உடல் எடை, உழைப்பு, மரபு எல்லாம் கலந்திருக்கின்றன. ஆனால் மாவுச்சத்து மிகுந்த உணவிடம் எதிர்பார்க்கத்தக்க வடிவம் இதுதான்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற மரபு நெல் வகைகள் கொலஸ்ட்ராலைக் 'கரைக்கும்' என்ற பேச்சு இன்று பரவலாக இருக்கிறது. அவற்றை மீட்ட நெல் ஜெயராமன் போன்றோரின் உழைப்பு பெரியது. அந்தப் பேச்சுக்கு மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். எந்த அரிசியும் கொலஸ்ட்ராலைக் கரைப்பதில்லை. குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும் வேலையை நார்ச்சத்துகளில் சில, குறிப்பாகக் கரையும் வகையின, செய்கின்றன. இழந்த பித்தத்தை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது, கூடவே புதிதாகக் கொலஸ்ட்ரால் செய்வதையும் கூட்டுகிறது. உற்பத்தி ஏற, இரத்த அளவு இறங்குகிறது! கல்லீரல் செய்வது எவ்வளவோ அவ்வளவே இரத்தத்தில் நிற்கும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை. தவிடு போகத் தீட்டினால் மரபு நெல்லும் இந்த வகையில் மற்ற வெள்ளையரிசியோடு சேர்ந்துவிடும்; பையின் மேல் அச்சிட்ட பெயர் தவிட்டுக்கு உத்தரவாதமல்ல.

எண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிட்டிருப்பது எல்லாத் தாவர எண்ணெய்க்கும் பொருந்தும்; அதை நம்பி வாங்குவதில் பயனில்லை. சைவ உணவு என்பதை வைத்து மருத்துவர் தந்த ஸ்டேட்டினை நிறுத்துவதும் தவறு, ஏனெனில் மாத்திரை தடுப்பது தட்டில் இருப்பதை அல்ல, கல்லீரலின் நொதியை. பரிசோதனைத் தாள் கைக்கு வந்தால் மொத்த கொலஸ்ட்ரால் எண்ணோடு நின்றுவிடாமல் எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல். மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.